பற்பொடிக்காரியின் இடது கண்

நான் பாரிசில் ஐந்து வருடம் ஒரு பெண்ணின் இடது கண்ணுக்குள் குடியிருந்தேன். இப்படிச் சொன்னால் ஏதோ கவிதை சொல்ல வருகிறேன் என்று நினைக்கிறார்கள். கவிதைக்கும் எனக்கும் வெகுதூரம். அந்தக் கண்ணுக்கு மாதம் தவறாமல் வாடகை கொடுத்தேன். அதன் வழியாகத் தலையை நீட்டிப் பல் துலக்கித் துப்பியும் இருக்கிறேன். அவள் பற்பொடி விற்கிறவள் என்பதால் குறை நினைக்கமாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. லா சப்பல் மெட்ரோ நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் இருந்தது எங்கள் கட்டடம். இருபதாம் நூற்றாண்டு பிறந்த கையோடு கட்டியது. தெருவில் நின்று நிமிர்ந்து பார்த்தால் பெரிய மனிதர் வீடு என்றுதான் நினைக்கத் தோன்றும். வாசலுக்கு மேலே கல்லில் செதுக்கிய சிங்கமுகம், அதற்கு மேலே கல்லாலேயே பூமாலை, அதற்கும் மேலே பால்கனியைத் தோளில் சுமக்கும் இரண்டு தாடிக்காரர்கள். வலதுபக்கம் திரும்பினால் கதை வேறு. பக்கத்தில் இன்னொரு மாடிவீடு எழும்பும் என்று நம்பி அந்தச் சுவரை மொட்டையாக விட்டிருக்கிறார்கள். பக்கத்துவீடு எழும்பவேயில்லை. இருந்த காசையெல்லாம் முகத்தில் கொட்டிவிட்டுக் காதுப்பக்கத்தை மறந்த கட்டடம் அது. பிறகு அந்த மொட்டைச் சுவரை விளம்பரத்துக்கு வாடகைக்கு விட்டார்களாம். அப்படி வந்து சேர்ந்தவள்தான் பற்பொடிக்காரி.

இரண்டாம் மாடி உயரத்தில் அவள் இடுப்பு தொடங்கும். ஆறாம் மாடியில் கண். அதற்கு மேலே இறகு குத்திய தொப்பி கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். கையில் ஒரு தகரப் பேணி. முகம் நிறையச் சிரிப்பு. ஒவ்வொரு பல்லும் எங்கள் தலையணை அளவு. பற்பொடியின் பெயர் மழையில் கரைந்துபோய் "பற்களுக்கு" என்ற ஒரு சொல் மட்டும் சுவரில் மிச்சமிருந்தது. பற்களுக்கு என்ன என்பதை அவளும் சொல்லவில்லை, வேறு யாருக்கும் தெரியவில்லை.

யன்னல் அவளோடு கூடப் பிறந்ததல்ல. கூரைக்குக் கீழே இருந்த அந்த அறை முதலில் தட்டுமுட்டுச் சாமான் போடும் இருட்டறை. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த காலத்தில் வீட்டுக்காரர், ஒரு யன்னல் இருந்தால் இதையும் வாடகைக்கு விடலாமே என்று, யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு மேசனைப் பிடித்துச் சுவரை உடைப்பித்திருக்கிறார். மேசன் உள்ளேயிருந்து உடைத்தவர். வெளியே என்ன வரைந்திருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? வேலையை முடித்து, கீழே இறங்கி, தெருவைக் கடந்து, சிகரெட் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் தான் ஒரு பெண்ணின் கண்மணியைத் தோண்டிவிட்டது அவருக்குத் தெரிந்ததாம். இதை எனக்குச் சொன்னவர் கட்டடத்தைக் காவல் காத்த கொன்சியேர்ஜ் மனுசி. போர்த்துக்கல்காரி. அந்தக் காலத்தில் அவர் இந்த நாட்டுக்கே வந்திருக்கவில்லை. ஆனாலும் மேசன் என்ன சிகரெட் பிடித்தார் என்பதுவரை சொல்லுவார்.

சுவருக்கு நேரெதிரே, ஒரு சின்னச் சதுக்கத்துக்கு அப்பால், பழைய நாடக அரங்கு ஒன்று இருந்தது. அதுவும் எங்கள் கட்டடத்தின் வயதுதான். வாசலில் சாந்தால் செய்த பெண்கள் முகமூடிகளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒருத்திக்கு மூக்கு இல்லை. பற்பொடிக்காரியை அந்தச் சுவரில் வரைந்ததே நாடகம் பார்க்க வருகிறவர்களுக்காகத்தான் என்று கொன்சியேர்ஜ் மனுசி சொன்னார். உள்ளேயிருந்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு வெளியே வருகிற சீமான்களும் சீமாட்டிகளும் அவளைக் கண்டதும் தங்கள் பற்களை நினைத்து வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதுதான் வியாபாரம்.

அறையில் என்னோடு இருந்தவரை அண்ணை என்றே சொல்கிறேன். மன்னார்க்காரர், கத்தோலிக்கர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் யாழ்ப்பாணத்துச் சைவம். எனக்கு ரூ லூயி-பிளாங்க் என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலை. அவருக்கு எதிரே இருந்த நாடக அரங்கில் காலைநேரத் துப்புரவு வேலை. அதனால் நாடகம் பற்றிய சகல விஷயங்களிலும் அவர் பேச்சே கடைசிப் பேச்சு. அவர் அங்கே ஒரு நாடகமும் பார்த்ததில்லை. மறுநாள் காலை கதிரைகளுக்குக் கீழே என்ன கிடக்கிறது என்பதை வைத்து நாடகத்தை மதிப்பிடுவார். டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டிப் போட்டிருந்தால் நாடகம் சரியில்லை. நனைந்த கைக்குட்டை கிடந்தால் நல்ல நாடகம். ஒருமுறை ஒற்றைச் சப்பாத்து ஒன்று கிடந்தது. அந்த நாடகம் எப்படிப்பட்டது என்று அவராலேயே சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாரங்களைத் தோய்த்து யன்னலில் காயப்போடுவோம். கீழே நின்று பார்த்தால் பற்பொடிக்காரி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே ஒரு கண்ணால் நீலக் கட்டம் போட்ட கண்ணீர் வடிப்பாள். நாடக அரங்கின் மனேச்சர் ஒருநாள் அண்ணையிடம், நேற்று மாலை எங்கள் நாடகத்தைவிட உங்கள் சாரத்துக்குத்தான் கூட்டம் அதிகம் என்று சொன்னாராம். அண்ணை அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

கலியாணமாகி ஆறாவது கிழமை பயணம் வந்தவன் நான். மனைவி யாழ்ப்பாணத்தில். இருக்கிற வீட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாள். தெரிந்த ஒருவர் சதுக்கத்தில் நின்று படம் எடுத்தார். நான் யன்னலில் நின்று கையசைத்தேன். படத்தில் பற்பொடிக்காரி தெளிவாக விழுந்திருந்தாள். நான் அவள் கண்ணில் விழுந்த தூசு. ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. வீடு பெரிதாகத்தான் இருக்கிறது, அந்தப் பெண் யார் என்று கேட்டிருந்தாள். அதோடு முடியவில்லை. சுவர் உயரத்துக்குப் பெண்ணை வரைந்து வைக்கிறவர்கள் சினிமாக்காரரைத் தவிர வேறு யார் என்று அயலெல்லாம் முடிவு கட்டி, நான் பாரிசில் ஒரு சினிமாக் கொட்டகையின் மேல்மாடியில் வசிக்கிறேன், நடிக்கவும் போகிறேன் என்று பேச்சு அடிபட்டது. மாமா தனியாக ஒரு கடிதம் எழுதினார். படிப்பும் உத்தியோகமும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சினிமாக்காரரோடு மட்டும் சேரவேண்டாம் என்றிருந்தார். மூன்று வான்கடிதம் செலவழித்துப் பற்பொடியை விளங்கப்படுத்தினேன். பற்பொடி விற்க இவ்வளவு சிரிப்பு என்னத்துக்கு என்று மனைவி திருப்பி எழுதினாள்.

அவளை எப்படியாவது இங்கே கூப்பிட வேண்டும். எனக்கு அந்த வருடங்களில் வேறு யோசனையே கிடையாது. நான் வேலைக்காரன் என்ற வகையில் கார்த் என்கிற வதிவிட அட்டை எடுத்தவன். அப்படிப்பட்டவர்கள் மனைவியைக் கூப்பிட வேண்டுமானால், மனுசர் வாழத்தக்க வீடு இருக்கிறது என்று காட்ட வேண்டும். பிரிபெக்தூர் என்கிற அரசாங்கக் கந்தோரில் தொசியே, அதாவது விண்ணப்பக் கோப்பு, போட்டால், ஒரு அதிகாரி வந்து அறையை நாடாவால் அளந்து பார்ப்பார். இத்தனை அடி இடம், தண்ணீர்க் குழாய், வெளிக்காற்று வரும்படி திறந்து மூடக்கூடிய ஒரு யன்னல். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மனைவி வரமுடியாது. அண்ணை பாரிசுக்கு வெளியே பொபினியில் தன் உறவுக்காரர் வீட்டுக்கு மாறிக்கொள்வதாகத் தானாகவே சொல்லிவிட்டார். இடமும் குழாயும் மட்டுமட்டாக இருந்தன. யன்னலில் மட்டும் ஒரு கதவுதான் திறக்கும்; மற்றக் கதவு முந்திக் குடியிருந்த யாரோ குளிருக்குப் பயந்து ஆணி அடித்து வைத்தது.

ஆணிகளைப் பிடுங்கினோம். உக்கிய சட்டங்களை மாற்றினோம். மாற்றிய பலகைக்குப் பெயின்ற் அடிக்காவிட்டால் எப்படி? நத்தாரும் தைப்பொங்கலும் அடுத்தடுத்து வருகின்றன. ஊரில் என்றால் இரண்டு வீட்டிலும் இந்நேரம் வெள்ளையடிப்புத்தான். தெரிந்த பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் கடைக்கு அடித்து மிஞ்சிய பெயின்றைத் தந்தார். நல்ல கிளிப்பச்சை. சட்டத்துக்கு அடித்தும் மிஞ்சியது. கொட்ட மனம் வரவில்லை. கையை வெளியே நீட்டி யன்னலைச் சுற்றிச் சுவரிலும் ஒரு சாண் அகலத்துக்கு அடித்தோம். கீழே இறங்கிப் போய்ப் பார்த்தோம். பற்பொடிக்காரிக்கு ஒரு கண் பழைய கபிலம், மற்றக் கண் புத்தம்புதுக் கிளிப்பச்சை. எங்களுக்கு வடிவாகத்தான் தெரிந்தது.

அதுவரை அவளை நிமிர்ந்து பார்க்காதவர்கள்கூட இப்போது நின்று பார்த்தார்கள். விரலை நீட்டிக் காட்டிச் சிரித்தார்கள். அந்தக் கிழமைதான் குசினியில் என் விரல் வெட்டுப்பட்டு நாலு தையல் போட்டார்கள். அடுத்த கிழமை பனி உறைந்து தண்ணீர்க் குழாய் வெடித்தது. அதற்கடுத்த கிழமை, கலியாணப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பில் ஒரு முத்திரை குறைகிறது என்று பிரிபெக்தூர் என் தொசியேயைத் திருப்பி அனுப்பியது. அண்ணை மூன்றையும் விரல்விட்டு எண்ணினார்.

"தம்பி, இது நாவூறு," என்றார். "ஒரு நாடகம் முடிஞ்சா முன்னூறு பேர் வெளியில வருகினம். அவ்வளவு கண்ணும் எங்கை விழுகுது? எங்கட யன்னலிலை."

கத்தோலிக்கர் இப்படிப் பேசலாமா என்று கேட்டேன். அவர் கோவிலில் ஏற்கெனவே மெழுகுதிரி கொளுத்தியாகிவிட்டதாம். அது அந்தோனியாருக்கு, இது கண்ணூறுக்கு, இரண்டுக்கும் இரண்டு வேலை என்றார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும்போது கன்னத்தில் கறுத்தப் பொட்டு வைப்பதில் எங்கள் ஊரில் எந்தச் சமயமும் குறுக்கே நிற்பதில்லை. பார்க்கிறவர்களின் கண் முதலில் பொட்டில் விழுந்துவிட்டால் பிள்ளை தப்பிவிடும். கண் விழுகிற இடம் பற்பொடிக்காரியின் முகம் என்றால் பொட்டு வைக்க வேண்டிய இடமும் அதுதான் என்றார். எதிர்த்துப் பேச என்னிடம் விரலும் இல்லை, தண்ணீரும் இல்லை, முத்திரையும் இல்லை.

நாடக மேடையின் பலகைகளுக்குக் கறுப்புப் பெயின்ற்தான் அடிப்பார்கள். அதில் அடியில் கொஞ்சம் மிஞ்சிய பேணி ஒன்றை அண்ணை மனேச்சரிடம் கேட்டே கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வேலை தொடங்கியது. தும்புத்தடியில் பிரஷைக் கட்டி, யன்னலால் உடம்பின் பாதியை வெளியே விட்டு, கண்ணுக்குக் கீழே கன்னத்துப் பக்கமாக நான் ஒரு பொட்டு வைத்தேன். அண்ணை கீழே சதுக்கத்தில் நின்று கையால் காட்டினார்: காணாது, இன்னும் பெரிசு. பெரிதாக்கினேன். இன்னும் என்றார். பிள்ளைக்கு விரல்நுனி அளவென்றால் நாலு மாடி உயரப் பெண்ணுக்கு எவ்வளவு என்ற கணக்கை நாங்கள் முன்கூட்டிப் போட்டிருக்க வேண்டும். கடைசியில் அது அப்பளம் பொரிக்கும் தாச்சியளவுக்கு வந்தது. அண்ணை இரண்டு கையையும் உயர்த்தி, போதும் என்றார். அந்த நேரம் பார்த்துப் பெயின்ற் ஒரு கோடாகக் கீழே வடிந்தது. துடைக்கத் தடி எட்டவில்லை. விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு குழாய் சரிவந்தது, விரல் ஆறியது, தொசியேயை ஏற்றுக்கொண்டதாகக் கடிதமும் வந்தது. பனி உருகினால் குழாயும் உருகும், முத்திரை குத்தினால் தொசியேயும் நகரும் என்று சொல்லிப் பார்த்தேன். அண்ணை காதில் வாங்கவில்லை. அதிகாரி வைகாசி முடிவில் வருவார் என்று கடிதத்தில் இருந்தது.

அத்தோடு அண்ணை சும்மா இருந்திருக்கலாம். நாடக அரங்கில் திருத்தவேலை நடந்துகொண்டிருந்த வசந்தகாலம் அது. மேடைக்குக் கீழே இருந்த நிலவறையைத் துப்புரவாக்கச் சொன்னார்கள். அங்கே மூலையில், வள்ளத்துப் பாய் அளவுக்கு ஒரு சீலை சுருட்டிக் கிடந்தது. நான் என்றால் தூசு தட்டிவிட்டு வந்திருப்பேன். அண்ணை ஒரு முனையை விரித்துப் பார்த்தார். ஒரு பேணி தெரிந்தது. அதைப் பிடித்திருக்கும் கை தெரிந்தது. ஓடிப்போய் மனேச்சரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அது இடைவேளைத் திரை. அந்தக் காலத்தில் அங்கம் முடிந்ததும் மேடையில் இந்தத் திரையை இறக்கிவிடுவார்களாம். முழுக்க விளம்பரம். இருமலுக்கு இனிப்பு, இடுப்பை இறுக்கும் கச்சை, சைக்கிள், பியானோ, தொப்பி, மூலவியாதிக்குக் களிம்பு. கதாநாயகி உள்ளே செத்துக்கிடக்கும்போது வெளியே சபை மூலவியாதிக் களிம்பைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறது. எங்கள் ஊர் நாடகங்களில் இடைவேளைக்குக் காசு தந்தவர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். இவர்கள் சத்தம் போடாமல் எழுதியே தொங்கவிட்டிருக்கிறார்கள் என்றார் அண்ணை. திரையின் நட்டநடுவில் இருந்தவள் எங்கள் பற்பொடிக்காரி. அதே தொப்பி, அதே பேணி, அதே சிரிப்பு. இரண்டு கண்ணும் முழுசாக.

மனேச்சருக்குத் தலைகால் புரியவில்லை. திருத்தவேலை முடிந்து அரங்கு திறக்கும்போது உள்ளேயும் வெளியேயும் ஒரே பெண் சிரிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் கந்தோரிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார். ஒல்லியான உயர்ந்த மனிதர். வெயிலிலும் கழுத்துத் துணியைக் கழற்றாதவர். அவர் முதல்முறை வந்த அன்று கொட்டும் மழை. குடைக்குக் கீழிருந்து சுவரைப் பார்த்தார். வேறொன்றும் தெரியாவிட்டாலும் கிளிப்பச்சை தெரிந்தது. இது ஒரு காயம் என்றாராம். யன்னலைக் கல் வைத்து அடைத்து, திரையில் உள்ளபடி கண்ணை வரையவேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். அனுமதியில்லாத யன்னல் என்பதால் வீட்டுக்காரர் உடனே சம்மதித்துவிட்டார். படியேறி வந்து இதைச் சொன்ன கொன்சியேர்ஜ் மனுசி என் முகத்தைப் பார்க்கவில்லை.

யன்னல் இல்லையென்றால் அறை இல்லை. அறை இல்லையென்றால் அவள் இல்லை. அதிகாரி வர இன்னும் மூன்று கிழமை. ஸ்டாலின்கிராட் பக்கம், பொபினிப் பக்கம் எல்லாம் அறை தேடி அலைந்தேன். யன்னல் இருந்த இடத்தில் ஆறு பேர் படுத்திருந்தார்கள். தனியாகக் கிடைத்த இடத்தில் யன்னல் இல்லை. எனக்கு அவளுடைய முகம்கூடச் சரியாக ஞாபகத்தில் வராமல் போய்க்கொண்டிருந்த காலம். அதுதான் பயமாக இருந்தது. குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டே அழுதேன். அழுவதற்கு அது நல்ல இடம்; யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

திரையையும் சுவரையும் ஒப்பிட்டுப் பார்க்க நிபுணர் இரண்டாவது தடவை வந்தார். அன்று நல்ல வெயில். திரையை மேடையில் தொங்கவிட்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு வேலை இல்லாத நேரம். அண்ணையின் துப்புரவு மேலங்கியை மாட்டிக்கொண்டு நானும் போய் ஒரு ஓரத்தில் நின்றேன். கேட்டுக் கெஞ்சலாம் என்ற எண்ணம். கெஞ்சுவதற்கான பிரெஞ்சைக் காலையிலிருந்து பாடமாக்கியிருந்தேன்.

நிபுணரின் கழுத்தில் நாடகம் பார்க்கும் சின்னத் தொலைநோக்கி ஒன்று தொங்கியது. மேடையில் திரையைப் பார்ப்பார், குறிப்பெழுதுவார், வெளியே ஓடிப்போய்ச் சுவரைத் தொலைநோக்கியால் பார்ப்பார், திரும்பி ஓடிவருவார். பல்லை எண்ணினார். அங்கேயும் பதினாலு, இங்கேயும் பதினாலு. இறகை அளந்தார். பேணி ஒத்துப்போனது. நாலாவது தடவை வெளியே போனவர் திரும்பி வரவில்லை. நாங்கள் எல்லாரும் வாசலுக்கு வந்தோம். அவர் சதுக்கத்தின் நடுவில் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

பிறகு மெல்லிய குரலில், கன்னத்தைப் பாருங்கள் என்றார்.

மனேச்சர் பார்த்தார். நான் பார்க்கவில்லை. அண்ணை நிலத்தைப் பார்த்தார். நிபுணர் உள்ளே ஓடிப்போய்த் திரையின் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே பொட்டு இல்லை. அவ்வளவுதான், அவருக்கு அருள் வந்துவிட்டது. அழகுக்காகக் கன்னத்தில் கறுத்தப் பொட்டு ஒட்டிக்கொள்ளும் வழக்கம் பழைய அரசவைச் சீமாட்டிகளுடையதாம்; பிறகு அதை மேடை நடிகைகள் எடுத்துக்கொண்டார்களாம். ஆகவே திரையில் இருப்பவள் குடும்பப் பெண். சுவரில் இருப்பவள் நடிகை. நாடகக்காரரின் சுவரில் நாடகக்காரியை வரைந்திருக்கிறான் அந்த ஓவியன். இது வேறு கை, வேறு பெண், இப்படி ஒன்றை அவர் எங்கேயும் கண்டதில்லை. பொட்டிலிருந்து ஒரு கோடு கீழே இறங்குகிறதே என்று மனேச்சர் கேட்டார். அது ஓவியனின் துணிச்சல் என்றார் நிபுணர்.

பாரிஸ் புகை எதையும் இரண்டு மாதத்தில் கிழடாக்கிவிடும். கீழேயிருந்து பார்த்தால் என் பொட்டுக்கு எண்பது வயது சொல்லலாம்தான். ஆனால் படித்த மனிதர் ஒருவர் கண்முன்னே இப்படி ஏமாறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குச் சங்கடமாக இருந்தது. வாயைத் திறந்தேன். அண்ணை என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"உம்மட மனுசி வரவேணுமோ, வேண்டாமோ?"

"வரவேணும்."

"அப்ப பேசாமல் நில்லும்."

நின்றேன். பாடமாக்கிய பிரெஞ்சு முழுவதும் மறந்துபோய், அப்படியானால் யன்னல் என்று மட்டும் கேட்டேன். நிபுணர் என் தோளில் கைவைத்து, சின்னப்பிள்ளைக்குச் சொல்வது போல விளங்கப்படுத்தினார். கண்ணை வரைய மாதிரி ஒன்று வேண்டும். திரையில் இருப்பது வேறு பெண்ணின் கண். இவளுடைய கண் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. தெரியாததை நாமாக இட்டுக்கட்டி வரைவது குற்றம். தான் உயிரோடு இருக்கும்வரை இந்தச் சுவரில் ஒரு பிரஷும் படக்கூடாது. யன்னல் இருக்கிறபடியே இருக்கட்டும். கிளிப்பச்சையைப் பற்றி மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பார்த்து நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

நாங்கள் பொய் சொன்னோமா? ஒருவரும் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. இதைத்தான் நான் எனக்குப் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணைக்கு அந்தக் கரைச்சலே இல்லை. நாவூறுக்கு வைத்த பொட்டு, நாவூறைத் தட்டியது, இதில் பொய் எங்கே வந்தது என்று கேட்டார். என்றாலும் அடுத்த ஞாயிறு பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தார். சாமியார் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அதிகாரி சொன்ன நாளில் வந்தார். நாடாவை நீட்டி அறையை அளந்தார். குழாயைத் திறந்து மூடினார். யன்னலை மூன்று தடவை திறந்து மூன்று தடவை மூடினார். என் நெஞ்சும் அதோடு சேர்ந்து திறந்து மூடியது. பிறகு வெளியே எட்டி நாடக அரங்கைப் பார்த்து, நல்ல காட்சி, உங்கள் மனைவிக்குப் பிடிக்கும் என்றார். அவர் படியிறங்கிய சத்தம் அடங்கும்வரை நான் யன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

புரட்டாதியில் விசா கிடைத்தது. அண்ணை தன் சூட்கேசையும் மாதா படத்தையும் எடுத்துக்கொண்டு பொபினிக்குப் போனார். மெட்ரோ வாசல்வரை கூடப் போனேன். யன்னலைக் காப்பாற்றிக் கொடுத்த மனிதர், அந்த யன்னலால்தான் படுக்க இடமில்லாமல் போகிறார். அதைச் சொல்ல வாயெடுத்தேன். குளிருக்கு மறுபடி ஆணி அடித்துவிடாதேயும் என்று சொல்லிவிட்டு அவர் படியில் ஏறிப் போய்விட்டார். எனக்கு அன்று முழுவதும் மனம் சரியில்லை.

பத்து நாள் கழித்து அவள் வந்தாள். நாலு வருடத்துக்குப் பிறகு நேரில் பார்க்கிறோம். விமான நிலையத்தில் இருவருக்கும் வெட்கம். சூட்கேசின் பூட்டைப் பற்றியும் அதன் பாரத்தைப் பற்றியும் மட்டுமே பேசிக்கொண்டோம். மெட்ரோவில் அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அவள் கோட்டின் பொத்தானைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இரவல் கோட்டு, பொத்தான் ஒன்று வேறு நிறம்.

சதுக்கத்துக்கு வந்தால், எங்கள் நிபுணர் பதினைந்து பேரைச் சுற்றிவர நிறுத்திவைத்துச் சுவரைக் காட்டி விளக்கிக்கொண்டிருக்கிறார். அரங்கு திறந்த பிறகு இது அவருக்கு வாராந்த வேலையாகிவிட்டிருந்தது. நடிகை, கன்னம், ஓவியனின் துணிச்சல் என்ற சொற்கள் காதில் விழுந்தன. ஓரமாகப் போய்விடலாம் என்று சூட்கேசை மற்றக் கைக்கு மாற்றினேன். அவள் நின்றுவிட்டாள். மேலே பார்த்தாள்.

"உவவுக்கு ஆர் நாவூறுப் பொட்டு வைச்சது?" என்றாள்.

அது அவள் பாரிசில் கேட்ட முதல் கேள்வி. சுவரைப் பார்த்து ஒரு விநாடிகூட ஆகியிருக்காது.

"நான்தான்," என்றேன்.

நிபுணர் திரும்பிப் பார்த்தார். இந்தக் கண்ணில் குடியிருப்பவர் இவர்தான் என்று கூட்டத்துக்கு என்னை அறிமுகப்படுத்திவிட்டு, மதாம் என்ன சொன்னார் என்று ஆவலோடு கேட்டார். இவ்வளவு அழகான முகத்தைத் தான் கண்டதேயில்லை என்கிறார் என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கழுத்திலிருந்த தொலைநோக்கியைக் கழற்றித் தன் கையாலேயே அவளிடம் கொடுத்தார்.

அவள் வாங்கி நெடுநேரம் பார்த்தாள். பதினைந்து பேரும் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்து நின்றார்கள்.

"வடியவும் விட்டிருக்கிறியள்," என்றாள் மெதுவாக. "ஒரு துணியாலை ஒத்தி எடுத்திருக்கலாமே?"

நாலு வருடமாக இந்த ஊரில் நான் எதைச் செய்தாலும் அது ஏன், எதற்கு என்று யாருக்காவது விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. ஊருக்கும் மூன்று வான்கடிதத்தில் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. இவளுக்கு ஒன்றையும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நிபுணர் என் கையைப் பிடித்து, இப்போது என்ன சொன்னார் என்று கேட்டார்.

"வீட்டுக்குப் போகலாமாம்," என்றேன்.